லேப்டாப் வாங்கப் போறீங்களா? கழற்றிப் பார்த்தவனைக் கேளுங்க!

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். வீட்டில் சும்மா புழங்க ஒரு லேப்டாப் வேண்டும், எதை வாங்குவது? நான் லேப்டாப் விற்பவன் இல்லை. மதுரை சிம்மக்கல்லில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விற்ற கடையை விட்டு வெளியே வந்தபிறகு அதற்கு என்னென்ன ஆகிறது என்பதுதான் என் பிழைப்பு. பதில்களும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

"பென்ஷன் விவரம் பார்க்க, மெயில் அனுப்ப, கோயம்புத்தூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேச, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் வரலாற்றைத் தமிழில் தட்டச்சு செய்ய ஒரு லேப்டாப் வேண்டும். 40,000 ரூபாய் வரை போகலாம். மருமகன் 'ஐ7-க்குக் கீழே தொடாதீங்க மாமா' என்கிறார். கடைக்காரர் ஐ3 போதும் என்கிறார். யார் சொல்வது சரி?"
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேலூர்

ஐயா, கடைக்காரர் சொல்வதுதான் சரி. நான் கடைக்காரர் பக்கம் பேசுவது அபூர்வம், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டெல் கம்பெனி தன் பிராசசருக்கு, அதாவது லேப்டாப்பின் மூளைக்கு, வைக்கிற ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் பஸ் முகப்பில் எல்.எஸ்.எஸ்., எக்ஸ்பிரஸ் என்று மாட்டுகிற போர்டு மாதிரி. எந்த வருஷத்து வண்டி என்பதை அந்தப் போர்டு சொல்லாது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் நம்பரைப் பாருங்கள். 2016-ல் வந்த ஐ7-7500யு என்ற பிராசசருக்கு 2 கோர்தான், அதாவது வேலை பார்க்க 2 கைதான். 2022-ல் வந்த ஐ3-1215யு-வுக்கு 6 கோர். முன்னதற்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, பின்னதற்கு ஏறும். கோடு போட்டபிறகு வருகிற முதல் எண்தான் தலைமுறை, அது 1 என்றால் முதல் இரண்டு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். 7500 என்றால் 7-வது, 1215 என்றால் 12-வது. புதிதாக வருகிறவற்றில் 'ஐ' என்ற எழுத்தையே எடுத்துவிட்டு 'கோர் 3', 'கோர் 5' என்று போடுகிறார்கள். அது பெயர்தான், எத்தனை கோர் என்ற கணக்கு இல்லை. உங்கள் வேலைக்கு 12-வது தலைமுறை ஐ3-யோ, அதற்குப் பிந்திய கோர் 3-யோ தாராளம்.

ஏ.எம்.டி. என்ற இன்னொரு கம்பெனியின் ரைசன் பிராசசரைக் காட்டினால் இன்னும் கொஞ்சம் கவனம். அவர்கள் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தில் சங்கதியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஷோரூமில் நிற்கும். 7520-இல் மூன்றாவது எண் 2. உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, 4 கோர். 7530-இல் அது 3. ஜென் 3, 6 கோர். 7520-இல் ராம் (வேலை நடக்கும்போது விஷயங்களை வைத்துக்கொள்ளும் இடம்) போர்டோடு சால்டர் ஆகி வரும், பிறகு ஏற்ற முடியாது. உங்களுக்கு 7520-ம் போதும்தான். ஆனால் 7530-இன் விலையைக் கொடுத்து அதை வாங்கிவிடக் கூடாது.

ராம் 8 ஜி.பி. அதற்குக் கீழே வேண்டாம். கூடவே கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "காலி ஸ்லாட் இருக்கா?" இருந்தால் மூன்று வருஷம் கழித்து இன்னொரு 8 போட்டுக்கொள்ளலாம். இப்போதே 16 வேண்டுமா என்றால், 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. ஸ்லாட் இருக்கிற மாடலை எடுத்துவிட்டு, தேவைப்படும்போது பார்த்துக்கொள்வது நல்லது. சேமிப்புக்கு 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. விண்டோஸில் பார்த்தால் 476 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எனக்குப் போன் போடாதீர்கள். கம்பெனி ஆயிரத்தால் கணக்குப் போடுகிறது, விண்டோஸ் 1024-ஆல் கணக்குப் போடுகிறது, அம்புட்டுத்தான்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். பிராசசர் கெட்டுப்போய் என் மேசைக்கு வருகிற லேப்டாப் அநேகமாக இல்லவே இல்லை. மருமகன்கள் சண்டை போடுவது அதற்காக; உடைந்து வருவது வேறு. ஹிஞ்ச், கீபோர்டு, சார்ஜிங் பின், உப்பிப்போன பேட்டரி. வருகிற கூட்டம் இந்த நாலுக்குள் அடங்கிவிடும். இவற்றைப் பற்றி எந்த விளம்பரத்திலும் ஒரு வரி இருக்காது.

ஹிஞ்ச் என்பது மூடியையும் உடம்பையும் இணைக்கிற இரும்புக் கீல். விலை குறைந்த மாடல்களில் அந்த இரும்பை, பிளாஸ்டிக்கில் பதித்த சின்னஞ்சிறு பித்தளை மரைகளில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருப்பார்கள். இரும்புக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றிரண்டு வருஷத்தில் கீல் இறுகும், நீங்கள் ஒரு மூலையைப் பிடித்துத் திறப்பீர்கள், பித்தளை மரை பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். அப்படியே இழுத்துத் திறந்தால் டிஸ்ப்ளே ஒயரும் போகும். கடையில் டெமோ பீஸ் வைத்திருப்பார்கள். மூடியை நடுவில் ஒரு விரலால் தூக்குங்கள். கீழ்ப்பாகம் சேர்ந்து எழும்பாமல், சத்தம் இல்லாமல் பைய திறக்க வேண்டும். திறந்தபின் திரையின் மேல்மூலையை லேசாக அசைத்துப் பாருங்கள். ஓலை மாதிரி வளைந்தால் அந்த மாடலை விடுங்கள். விற்பனைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான். பார்த்துவிட்டுப் போகட்டும்.

கீபோர்டு பற்றி ஒன்று. இப்போதைய பல மாடல்களில் அது மேல்தட்டோடு பிளாஸ்டிக் ரிவெட் அடித்து வருகிறது. ஒரு எழுத்து வேலை செய்யாவிட்டாலும் மொத்தத் தட்டையும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் நான் நூறு ரிவெட்டைச் சுரண்ட வேண்டும். அதனால் டீ டம்ளரை லேப்டாப்பின் இடப்பக்கமும் வலப்பக்கமும் வைக்காதீர்கள், வேறு மேசையில் வையுங்கள். தண்ணீராவது காயும். பாலும் சர்க்கரையும் சேர்ந்தது போர்டில் ஒட்டிக்கொண்டு அரித்துக்கொண்டே இருக்கும். ஜிகர்தண்டா கொட்டிய லேப்டாப்பெல்லாம் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

திரை 15.6 அங்குலம், 1920-க்கு 1080, பளபளப்பு இல்லாத மேட் வகை. அந்த அளவில் பெரும்பாலும் வலப்பக்கம் எண் பலகையும் இருக்கும். 'ஐ.பி.எஸ்.' பேனல் என்று இருந்தால் மகள் முகம் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் கறுக்காது. இந்த விலையில் வெளிச்சம் 250 நிட்ஸ் அளவில்தான் இருக்கும், பகலில் திண்ணையில் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும். உள்ளே உட்காருங்கள்.

தமிழ்த் தட்டச்சுக்கு எந்த சாப்ட்வேரும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். தமிழ்நாடு அரசு 1999-ல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-க்குள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் மொழி என்ற இடத்தில் தமிழைச் சேர்த்தால் வரும். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகள் வலக்கைக்கு. பழைய டைப்ரைட்டர் பழக்கம் இருந்தால் முதலில் கை தடுமாறும். பள்ளி வரலாற்றை தயவுசெய்து வானவில், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடிக்காதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் பொதுவான யூனிகோடில் அடித்தால் உங்கள் பேத்தி போனிலும் படிப்பாள்.

கடைசியாக, பில் போடும் முன் ஒன்று கேளுங்கள். வாரண்டி 'ஆன்சைட்'டா, 'கேரி-இன்'னா? ஆன்சைட் என்றால் ஆள் வீட்டுக்கு வருவார், அதுவும் மேலூர் பின்கோடு அவர்கள் பட்டியலில் இருந்தால். கேரி-இன் என்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மதுரையிலேயே சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனியா, இல்லை இங்கே வாங்கி வைத்துக்கொண்டு சென்னைக்குப் பார்சல் அனுப்புகிறவர்களா? இரண்டு கம்பெனி சமமாக இருந்தால், எதற்கு மதுரையில் சென்டர் இருக்கிறதோ அதை எடுங்கள். நான் வேறெதையும் பார்க்க மாட்டேன்.

"ஆன்லைனில் ரொம்பக் குறைந்த விலையில் புது லேப்டாப் போட்டிருக்கிறார்கள். 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. எங்கள் மகளிர் குழுக் கணக்கு எழுதத்தான். வாங்கலாமா?"
– சுய உதவிக் குழுச் செயலாளர், உசிலம்பட்டி

வேண்டாம் அக்கா.

காரணம் கேட்பீர்கள். அந்த 64 ஜி.பி. எஸ்.எஸ்.டி. அல்ல, இ.எம்.எம்.சி. என்ற சிப். பழைய போன்களில் இருப்பது. வேகம் குறைவு, போர்டோடு ஒட்டி வரும், கழற்றிப் பெரிதாகப் போட முடியாது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் சொல்கிற குறைந்தபட்சமே 4 ஜி.பி. ராமும் 64 ஜி.பி. இடமும்தான். அதாவது அந்த லேப்டாப் பெட்டியைப் பிரிக்கும் நாளிலேயே விளிம்பில் நிற்கிறது. பெரிய அப்டேட் ஒன்று வந்தால் "இடம் இல்லை" என்று நின்றுவிடும். பிராசசர் பெரும்பாலும் செலரான் என்4020 மாதிரி 2 கோர் சமாச்சாரம். குழுக் கணக்கை எக்ஸெலில் திறந்து, பக்கத்தில் வங்கிப் பக்கத்தையும் திறந்தால் நீங்கள் எழுந்துபோய் உலை வைத்துவிட்டு வரலாம்.

அதே பணத்துக்கு அடுத்த கேள்வியின் பதிலைப் பாருங்கள். கணக்கு எழுத எக்ஸெல்தான் வேண்டும் என்றில்லை, லிப்ரே ஆபீஸ் இலவசம், எக்ஸெல் கோப்பையும் திறக்கும். புது லேப்டாப்போடு "ஆபீஸ் இலவசம்" என்று சொன்னால், அது ஒரு வருஷச் சந்தாவா, நிரந்தரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"செகண்ட் ஹேண்டில் திங்க்பேட், லாட்டிட்யூட் எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா அண்ணே?"
– பி.காம். மாணவர், திருமங்கலம்

வாங்கலாம் தம்பி. என் சொந்தக்காரப் பையன்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பதே இதைத்தான்.

பெங்களூரு, சென்னைக் கம்பெனிகள் சில வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக லேப்டாப்பை மாற்றும். கழித்துவிட்டவைதான் இங்கே வருகின்றன. அலுவலகத்துக்கென்று செய்தவை என்பதால் ஹிஞ்ச் தடியாக இருக்கும், அடிமூடியை சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்றலாம், ராமும் எஸ்.எஸ்.டி.யும் பெரும்பாலும் மாற்றத்தக்கவை, உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும். புதிய மலிவு லேப்டாப்பைவிட இது எனக்குப் பிடிக்கும்.

ஆனால் கோடு ஒன்று போட்டுக்கொள்: இன்டெல் என்றால் 8-வது தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவது, ஓரிரண்டு விதிவிலக்கு தவிர, அங்கிருந்துதான். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, ஹெச்.பி. எலைட்புக் 840 ஜி5 இவையெல்லாம் அந்தக் காலத்தவை. அதிலும் சிலவற்றில் 7-வது தலைமுறை பிராசசர் போட்டவையும் உண்டு. மாடல் பெயரை மட்டும் நம்பாமல் ஐ5-8350யு, ஐ5-8250யு என்று 8-இல் தொடங்குகிறதா என்று செட்டிங்ஸில் 'அபௌட்' பக்கத்தைத் திறந்து பார். லாட்டிட்யூட் 7480-ஐயும் 7490-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே விலை சொல்வார்கள். 80 பழசு, 90-தான் வேண்டும்.

கடையில் உட்கார்ந்து மூன்று வேலை செய். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல். செய்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டு எண் அதில் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்குப் பக்கத்தில் வந்திருந்தால் புது பேட்டரிக் காசைக் கழித்துப் பேரம் பேசு. அடுத்து, பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கிற அடிப்படை செட்டிங்ஸ்) பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய முடிகிறதா என்று பார். மூன்றாவது, இதைத்தான் யாரும் செய்வதில்லை: கடையின் வைஃபையில் இணைத்துக்கொண்டு விண்டோஸை ரீசெட் பண்ணச் சொல். சில கம்பெனிகள் லேப்டாப்பைத் தங்கள் பதிவிலிருந்து நீக்காமலே விற்றுவிடும். அப்படிப்பட்டது ரீசெட் ஆனவுடன் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டு அவர்கள் மெயில் ஐ.டி.யைக் கேட்கும். அந்தத் திரை வந்தால் எழுந்து வந்துவிடு. நேரம் ஆகும் என்று கடைக்காரர் முனகுவார். ஒரு டீ குடித்துவிட்டுக் காத்திரு.

டாலி (கணக்கு எழுதும் சாப்ட்வேர்) போட வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறாய். இந்த ரக லேப்டாப்பில் 8 ஜி.பி. ராமோடு டாலி பிரைம் அலுங்காமல் ஓடும்.

"எங்கள் ஊரில் வோல்டேஜ் ஏறி இறங்கும். லேப்டாப்புக்கு யு.பி.எஸ். வாங்கணுமா? இன்னொன்று, சார்ஜ் போட்டிருக்கும்போது தொட்டால் விறுவிறு என்கிறது. லேப்டாப் பழுதா?"
– பால் பண்ணை வைத்திருப்பவர், அலங்காநல்லூர்

யு.பி.எஸ். வேண்டாம். அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் இன்புட் 100–240 வோல்ட் என்று இருக்கும். சாயங்காலம் மோட்டார் எல்லாம் ஓடி வோல்டேஜ் 170-க்கு இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை. கரண்ட் போனால் பேட்டரி இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்டை நிறுத்தும் நாளில் லேப்டாப் ஓடும், நெட்தான் போய்விடும். அந்தக் காசுக்கு வைஃபை ரவுட்டருக்கென்று விற்கும் மினி யு.பி.எஸ். வாங்கிப் போடுங்கள், சில மணி நேரம் தாங்கும்.

பயப்பட வேண்டியது குறைந்த வோல்டேஜுக்கு அல்ல. காற்று மழையில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட்டுக்குப் பக்கமாகக்கூட வந்துவிடும். அப்போது அடாப்டர், டி.வி., பிரிட்ஜ் எல்லாம் ஒன்றாகப் போகும். கடையில் விற்கும் சாதாரண ஸ்பைக் பஸ்டர் அதைத் தடுக்காது. மின்னல் வெட்டத் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நெட் ஒயர் லேப்டாப்பில் நேரடியாகச் செருகியிருந்தால் அதையும்.

விறுவிறுப்பு சங்கதிக்கு வருகிறேன். லேப்டாப் பழுதில்லை, உங்கள் வீட்டு எர்த் பழுது. அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்ட ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது கசியவிடும் துளி மின்சாரம் மூன்றாவது பின் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் உலோக உடம்பில் நிற்கும், நீங்கள் வெறுங்காலோடு தொட்டால் உங்கள் வழியாகப் போகும். டெஸ்டர் வைத்தால் எரியும். இந்தத் துளி ஆளைக் கொல்லாது. ஆனால் அதே வீட்டில்தானே கிரைண்டரும் பால் கறக்கிற மெஷினும் ஓடுகின்றன? அவற்றில் ஒயர் நைந்தால் துளியோடு நிற்காது. கோடையில் எர்த் குழி காய்ந்து போயிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், தண்ணீர் ஊற்றினால் போதுமா, புதிதாகக் குழி எடுக்க வேண்டுமா என்று அவர் சொல்வார். லேப்டாப்புக்காக இல்லாவிட்டாலும் மாடுகளுக்காகவாவது இந்த வாரமே.

மூன்று பின் அடாப்டரின் தடிப் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பிளக்கில் மாட்டுகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

"குரோம்புக் விலை குறைவாக இருக்கிறதே?"
– இ-சேவை மையம் நடத்துபவர், வாடிப்பட்டி

குரோம்புக் என்பது விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம் ஓ.எஸ்.-இல் ஓடுகிற லேப்டாப். வீட்டில் பிள்ளைகள் படிக்க, வீடியோ பார்க்க நல்ல பொருள். 2021-லிருந்து வந்தவற்றுக்கு 10 வருஷம் அப்டேட் தருவதாகக் கூகுள் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு ஆகாது. கைரேகைக் கருவிக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் விண்டோஸ் டிரைவர் வேண்டும். பழைய அகலமான யு.எஸ்.பி. துளை குறைந்தது இரண்டு உள்ள விண்டோஸ் லேப்டாப்பாக எடுங்கள்.

"மகளுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் பரணில் கிடக்கிறது. விண்டோஸ் காலாவதி என்கிறார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடவா?"
– இல்லத்தரசி, திருப்பரங்குன்றம்

போடாதீர்கள் அம்மா. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது உண்மை. தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். விண்டோஸ் 7 என்றால் அது 2020-லேயே முடிந்த கதை. அதற்காக இயந்திரம் செத்துவிட்டது என்று ஆகாது.

2011-ல் தொடங்கி வெவ்வேறு வருஷங்களில் வெவ்வேறு கம்பெனி மாடல்களைக் கொடுத்தார்கள், அதனால் கழற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெரும்பாலும் உள்ளே சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி., முடிந்தால் ராம் 4 ஜி.பி.க்கு ஏற்றி, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டால் பாட்டு, பாடம், தமிழ்த் தட்டச்சு எல்லாம் நடக்கும். வங்கி வேலையை மட்டும் பழைய விண்டோஸில் வைத்துச் செய்யாதீர்கள். பரணிலிருந்து இறக்கியதும் சார்ஜில் போட்டுவிட வேண்டாம். முதலில் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு தட்டிப் பாருங்கள். பல்லி முட்டையோடு வந்தவை உண்டு.

"டச் ஸ்கிரீன் தேவையா?"
– ஆசிரியை, சோழவந்தான்

இல்லை.

"ஆடித் தள்ளுபடி வரை காத்திருக்கலாமா? வாங்கும் அன்று என்னென்ன பார்க்க வேண்டும்?"
– ஜவுளிக்கடை ஊழியர், மதுரை விளக்குத்தூண்

இப்போதே தேவை என்றால் எதற்குக் காத்திருப்பது? தள்ளுபடியில் முதலில் தள்ளப்படுவது குடோனில் நாள்பட்டுக் கிடந்த மாடல். அது தப்பில்லை, விலை அதற்குத் தக்கபடி இறங்கியிருந்தால் நான்கூட எடுப்பேன். பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பரை அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்று காட்டும். உங்கள் பில் தேதிக்கு மாதக்கணக்கில் முன்னால் தொடங்கியிருந்தால், திருத்தித் தரச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

சீல் பிரிப்பதை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். முழு வெள்ளைப் படம் ஒன்று, முழுக் கறுப்புப் படம் ஒன்று திரையில் விட்டுப் புள்ளி ஏதும் நிற்கிறதா என்று பார்க்கலாம். எல்லா எழுத்தையும் ஒரு தடவை அடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் அந்தக் கம்பெனி ஆப்பில் பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலில், நாள் முழுக்க சார்ஜில் கிடந்து உப்பித்தான் பாதிப் பேட்டரி வருகிறது. டச்பேட் அழுத்த முடியாமல் கட்டியாகிவிட்டால் அதுதான் முதல் அறிகுறி. பாயிலும் மெத்தையிலும் வைத்தால் அடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபடும், ஒரு பலகை போதும்.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதாக இருந்தால் மூடியின் மேல் வையுங்கள். கீபோர்டிலும் சார்ஜிங் துளையிலும் சந்தனத்தோடு ஒவ்வொரு வருஷமும் விஜயதசமிக்கு மறுநாள் ஒரு வரிசை என் கடை வாசலில் நிற்கிறது.

ஜி.எஸ்.டி. எண்ணும் லேப்டாப்பின் சீரியல் நம்பரும் அச்சான பில்லாக வாங்குங்கள். அந்த வழுவழுப்புத் தாள் பில் ஒரு கோடை தாண்டினால் வெள்ளைத்தாள் ஆகிவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.